சந்தன வேரின் உணர்வு

ஜவ்வாது மலைச் சந்தனத்தைப் புகழ்வோர் அதன் மணத்தையே புகழ்வர். மண்ணுக்கடியில் அது நடத்தும் வாழ்க்கையைப் பலர் அறியார். பச்சை இலைகளால் உணவு ஆக்கிக்கொள்ளும் இம்மரம், நீரையும் உப்புகளையும் பெரிதும் அயல்மரங்களின் வேர்களிலிருந்தே பெறுகின்றது. இவ்வுண்மையை 1871-இல் ஜான் ஸ்காட் என்னும் தாவரவியலறிஞர் வெளியிட்டார். பின்னர், சென்னை மாகாண அரசின் தாவரவியலறிஞராயிருந்த பார்பர், 1906, 1907-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் அதனை விரிவாக விளக்கினார். சந்தன வேரில் தோன்றும் சிறு உறிஞ்சுறுப்பு, அயல்வேரைத் தொட்டதும் அதனைத் தழுவித் துளைத்து உட்புகுகின்றது. கண்ணில்லா வேர் தொட்டுணர்ந்து செயற்படுகின்றது! துணையின்றி நட்ட சந்தனக் கன்று நன்கு தழைப்பதில்லை. ஆதலின், சந்தனத்தைக் காக்க விழைவோர் அதனைச் சூழ்ந்த எளிய செடிகளையும் காத்தல் வேண்டும்.