பிலிப்பினோ மொழியில் வடமொழிச் சொற்கள்: மலாய் மொழியின் இடைநிலைப் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

பிலிப்பினோ மொழியில் வழங்கும் வடமொழிச் சொற்களைச் சான்றாகக் கொண்டு, அத்தீவுகளில் இந்தியர் ஆதிக்கம் செலுத்தினர் என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்வைக்கப்பட்டது. அச்சொற்களின் ஒலி வடிவம், பொருள், வரலாற்றுச் சூழல் ஆகியவற்றை ஆராயும் இக்கட்டுரை, அவற்றுள் பெரும்பாலானவை மலாய் வழியாகவே சென்றன என்பதையும், ஒலியொப்புமை ஒன்றே நேரடித் தொடர்புக்குச் சான்றாகாது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: பிலிப்பினோ, தகலோகு, வடமொழி, மலாய், கடன்சொற்கள், லகுனா செப்பேடு

முன்னுரை

தகலோகு மொழியை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோ, 1987ஆம் ஆண்டு அரசமைப்பின்படி பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மொழியாகும். இம்மொழியில் 'குரோ' ஆசிரியரையும், 'முக்ஹா' முகத்தையும், 'ஆசா' நம்பிக்கையையும், 'சக்சி' சாட்சியையும் குறிக்கின்றன. குரு, முகம், ஆசை, சாட்சி எனும் சொற்களை அன்றாடம் வழங்கும் தமிழருக்கு இவை அந்நியமாகத் தோன்றுவதில்லை. இந்த ஒற்றுமையை எவ்வாறு விளக்குவது என்பதே இக்கட்டுரையின் வினா.

மொழி அமைப்பில் வேறுபாடு

பிலிப்பினோ ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தையும் வடமொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தையும் சார்ந்தவை. வடமொழிப் பெயர்ச்சொல் மூன்று பால், மூன்று எண், எட்டு வேற்றுமை ஆகியவற்றுக்கேற்பத் திரிகிறது. பிலிப்பினோவில் இலக்கணப் பால் இல்லை. அதன் வினைகள் முன்னொட்டு, இடையொட்டு, பின்னொட்டுகளால் ஆகின்றன. வடமொழி 'வாச்' என்னும் அடியோடு தொடர்புபடுத்தப்படும் 'பாசா' (படித்தல்) என்னும் சொல், '-உம்-' என்னும் இடையொட்டை ஏற்று 'புமாசா' என்றாகிறது. கடன்பெற்ற சொல்லின் நடுவிலேயே உள்நாட்டு இலக்கணம் புகுந்துவிடுகிறது. ஆதலின் இரு மொழிகளுக்கும் இடையிலான உறவு சொற்கடன் சார்ந்ததே அன்றிப் பிறப்புறவு அன்று.

முந்தைய ஆய்வுகள்

மருத்துவரும் அறிஞருமான டிரினிடாட் பர்தோ தெ தாவேரா 1887இல் பாரிஸில் வெளியிட்ட நூலில் தகலோகு மொழியின் வடமொழிச் சொற்களைத் தொகுத்தார். அறிவு, உணர்வு, சமயம், உயர் எண்கள் முதலிய துறைகளில் அச்சொற்கள் அமைந்திருப்பதைச் சுட்டி, வணிகராக மட்டும் வந்தவர்களால் இத்தகைய தாக்கத்தை ஏற்படுத்தியிருக்க இயலாது எனக் கருதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிலிப்பைன்ஸ் அறிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ இவ்வாய்வை விரிவுபடுத்தினார். தகலோகு மொழியில் உள்ள மலாய்க் கடன்சொற்களை ஜான் வுல்ஃப் 1976இல் தனியே ஆராய்ந்தார்.

ஒலி, பொருள் சான்றுகள்

வடமொழி 'ரசம்' தகலோகில் 'லாசா' (சுவை) என்றும், 'ராகு' 'லாஹோ' (கிரகணம்) என்றும் திரிந்தன. ரகரம் லகரமாதல் தகலோகு தன் ஒலி மரபிற்கேற்பச் செய்துகொண்ட மாற்றமாகலாம். ஆகவே இத்திரிபு மட்டும் சொல் வந்த வழியைக் காட்டாது. வழியைக் காட்டுபவை, வடமொழியில் இல்லாமல் மலாயிலும் தகலோகிலும் மட்டும் காணப்படும் மாற்றங்களே.

வடமொழி 'அர்க' (விலை, மதிப்பு) மலாயில் 'ஹர்கா' எனவும் தகலோகில் 'ஹலாகா' எனவும் வழங்குகிறது. மூலத்தில் இல்லாத ஹகரம் இரண்டிலும் சொல்லின் முதலில் நிற்கிறது. பங்கைக் குறிக்கும் 'பாக' என்னும் சொல்லின் மூச்சொலி மலாயில் தனி அசையாகப் பிரிந்து 'பஹாகி' ஆயிற்று. 'பாஷா' என்பது மலாயில் 'பஹாசா' ஆனதும் இவ்வாறே. தகலோகிலும் 'பஹாகி' என்ற வடிவமே உள்ளது.

எண்ணுப்பெயர் இன்னும் தெளிவான சான்றாகும். வடமொழியில் 'லக்ஷம்' 1,00,000 ஆகும். தமிழின் இலட்சமும் அதுவே. ஆனால் மலாயின் 'லக்சா' 10,000ஐக் குறிக்கிறது. பழைய தகலோகின் 'லக்சா'வும் 10,000ஐயே குறிக்கிறது. இந்தியாவிலிருந்து நேரே சென்றிருந்தால், மலாயில் நேர்ந்த அதே மதிப்பு மாற்றம் தகலோகிலும் தற்செயலாக நேர்ந்தது எனக் கொள்ள வேண்டியிருக்கும்.

சில சொற்கள் தகலோகில் மேலும் பொருள் மாறின. துன்பத்தைக் குறித்த 'துக்கம்' மலாயில் துயரமாகவே நிற்க, தகலோகின் 'துக்ஹா' ஏழ்மையுற்றவரைக் குறித்தது.

வரலாற்றுச் சான்றுகள்

1989இல் லகுனா மாகாணத்தில் கண்டெடுக்கப்பட்ட செப்பேட்டை அந்தோன் போஸ்துமா படித்து வெளியிட்டார். சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ணபட்சச் சதுர்த்தி, திங்கட்கிழமை என அமைந்த அதன் நாட்குறிப்பு கி.பி. 900 ஏப்ரல் 21ஐக் குறிக்கிறது. நாட்குறிப்பு வடமொழிச் சொற்களால் ஆனது. ஆவணத்தின் மொழியோ பழைய மலாய். எழுத்து கவி எழுத்து. நம்வரன் என்பவரின் பொற்கடன் தீர்ந்து, அவர்தம் மக்கள் அதிலிருந்து விடுவிக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. பிலிப்பைன்ஸில் கிடைத்த மிகப் பழைய நாளிட்ட ஆவணமாகிய இது வெற்றிச் சாசனம் அன்று, கடன்தீர்வுப் பத்திரம் என்பது கருதத்தக்கது. வடமொழி இங்கு ஆள்வோரின் மொழியாக அன்றி, மலாய் ஆவண மரபின் ஒரு கூறாகவே இடம்பெறுகிறது.

ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மலாயின் செல்வாக்கு குன்றவில்லை. 1521இல் மகெல்லனின் அடிமையான என்ரிக்கே மலாய் மொழியில் பேசியதை விசயத் தீவுத் தலைவர் புரிந்துகொண்டதைப் பிகபெட்டா பதிவு செய்துள்ளார். ஸ்பானியர் வருகையின்போது மணிலாவின் ஆட்சியாளர் புருணை அரசகுடியோடு உறவுடையவராக இருந்தனர்.

தமிழ்ச் சொற்களும் இவ்வழியே

மலாயில் 'பகாய்' ஆன தமிழ் 'வகை', தகலோகில் 'பாகாய்' (பொருள்) என வழங்குகிறது. 'காவல்' மலாயில் 'கவால்' என்றும் தகலோகில் படைவீரரைக் குறிக்கும் 'கவால்' என்றும் ஆயிற்று. இவற்றைக் கொண்டு தமிழர் மணிலாவில் குடியேறினர் என முடிவு செய்வது, பர்தோ தெ தாவேராவின் முடிவை வேறொரு மொழியின் பெயரால் மீண்டும் கூறுவதாகவே அமையும்.

முடிவுரை

இன்றைய மலாயில் இல்லாத வடமொழிச் சொல்லொன்று தகலோகில் இருப்பதனால் மட்டும் நேரடித் தொடர்பு உறுதிப்படாது. பழைய மலாயில் வழங்கிப் பின்னர் மறைந்த சொல்லாகவும் அது இருக்கலாம். எனவே ஒவ்வொரு சொல்லின் வழியையும் தனித்தனியே ஆராய வேண்டும். தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழை ஒப்பிடும் ஆய்வுகளுக்கும் இந்நெறி பொருந்தும். இரு சொற்கள் ஒத்திருத்தல் ஆய்வின் தொடக்கமே. இடையில் நின்ற மொழியைக் கண்டறிந்த பின்னரே அந்த ஒப்புமை வரலாற்றுச் சான்றாகும்.