பத்தாயிரம் சுற்று: ஒரு பழைய தொனியின் உற்பத்தி வரலாறு

இசை வரலாறு என்பது பெரும்பாலும் பாடியவர்களின், வாசித்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கொஞ்சம் பெருந்தன்மை வந்தால் கருவியைக் கண்டுபிடித்தவரின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். கருவியைச் செய்த கைகளுக்கு அந்த எழுத்தில் இடமில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1954 வாக்கில் கிளம்பி 1960க்குள் அடங்கிவிட்ட ராக்கபில்லி இசையின் மின்கிதார் தொனியைப் பற்றி எழுதப்படுகிறவற்றைப் படிக்கும்போது எனக்கு இந்த எரிச்சல் கூடுகிறது. காரணம், அந்தத் தொனியை இன்று மீண்டும் உண்டாக்க நினைப்பவர்கள் தேடிப்போவது வாசித்தவரின் விரலை மட்டுமல்ல. கிதாரின் தந்திகளுக்குக் கீழே புதைந்திருக்கும் ஒரு செப்புக் காயிலையும்தான். அந்தக் காயிலை வணங்குகிறார்கள், அளக்கிறார்கள், பிரதி செய்கிறார்கள். அதைச் சுற்றியது யார் என்ற கேள்வி மட்டும் வருவதில்லை.

பிக்கப் ஒன்றும் மர்மமான சாமான் அல்ல. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய எனாமல் பூசிய செப்புக் கம்பி, அவ்வளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்ட விஷயம். இதைக் கிதாருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் பீச்சம். ரிக்கன்பேக்கர் பெயரில் 1930களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த அந்தப் பிக்கப்புக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. முதலில் அது பொருத்தப்பட்டது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் பாணிக் கிதாரில் என்பதைக் கவனிக்க வேண்டும். 1898இல் அமெரிக்கா விழுங்கிய தீவுகளின் இசை, அடுத்த தலைமுறையில் அமெரிக்க வரவேற்பறைகளில் மோகமாகிவிட்டிருந்தது. மின்கிதாரின் பிறப்பிலேயே ஒரு பேரரசு இருக்கிறது.

'ராக்கபில்லி' என்ற சொல்லில் வர்க்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஹில்பில்லி' என்பது மலையோரத்து ஏழை வெள்ளையரை நகரத்தார் ஏளனமாக அழைத்த சொல்; நம்மூரில் 'பட்டிக்காட்டான்' என்கிற மாதிரி. அதோடு 'ராக்' சேர்ந்தது. 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரத்து சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி, ஸ்காட்டி மூர், பில் பிளாக் மூவரும் பதிவுசெய்து முதல் இசைத்தட்டாக வெளிவந்த பாட்டு, ஆர்தர் 'பிக் பாய்' க்ரூடப் என்ற கருப்பினப் பாடகர் 1946இல் பதிவுசெய்தது. தனக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகையின் பெரும்பகுதியைக் கண்ணால் பார்க்காமலே க்ரூடப் 1974இல் இறந்துபோனார். கார்ல் பெர்கின்ஸ் டென்னசியில் வாரத்துக்கு உழுத வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளை. பருத்திக்காட்டில் கூட வேலைபார்த்த ஜான் வெஸ்ட்புரூக் என்ற கருப்பின முதியவரிடம் கிதார் கற்றதை அவரே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் 'திருட்டு' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட நண்பர்கள் சிலர் விரும்புகிறார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. பெர்கின்ஸும் அதே பருத்தியை எடுத்தவர்தான். ஆனால் இசைத்தட்டின் மேல் யார் பெயர் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை என்ற இடத்தில் நிறம் தன் வேலையைக் காட்டியது.

சரி, அந்தத் தொனிக்கு எந்தப் பிக்கப்? இந்தக் கேள்வியிலிருந்தே 'தூய்மை' என்ற கதையாடல் ஆட்டம் காணத் தொடங்கிவிடுகிறது. ஸ்காட்டி மூர் 1954இல் வைத்திருந்தது கிப்ஸன் இஎஸ்-295. அதில் இருந்தது பி-90; கிப்ஸன் 1946இல் கொண்டுவந்த பிக்கப். 42ஆம் எண் கம்பி, சுமார் 10,000 சுற்று, அடியில் இரண்டு பட்டைக் காந்தங்கள். கொஞ்சம் கரகரத்த, கனமான நடுக்குரல். ஜீன் வின்சென்ட்டின் குழுவில் 1956இல் வாசித்த கிளிஃப் காலப்பின் கையில் கிரெட்ச் டுவோ ஜெட். அதிலிருந்த பிக்கப்பைக் கிரெட்ச் செய்யவில்லை. ஓஹியோ மாநிலத்து டொலிடோவில் ரோ இண்டஸ்ட்ரீஸ் செய்த டிஆர்மண்ட் பிக்கப் அது. கிரெட்ச் அதற்கு 'டைனாசோனிக்' என்று பெயர்வைத்து விற்றது. இன்னும் மெல்லிய 44ஆம் எண் கம்பி, ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி உருளைக் காந்தம். கண்ணாடி மாதிரித் தெளிவு, அதற்கு அடியில் ஒரு கனம். எடி காக்ரனின் கிரெட்ச் 6120இலோ கழுத்துப் பக்கம் இருந்த டிஆர்மண்டைக் கழற்றிவிட்டுப் பி-90 வைக்கப்பட்டிருந்தது. இன்று 'அசல்' என்று கும்பிடப்படும் தொனி அன்றே கலப்புத்தான். பிறகு 1957 வாக்கில் ரே பட்ஸ் கிரெட்சுக்காக உருவாக்கிய ஃபில்டர்ட்ரான் வந்தது. இரண்டு காயில்களை ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து, சுவர் மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் இரைச்சலை ரத்து செய்கிற ஏற்பாடு. 1980களில் பிரையன் செட்சர் ராக்கபில்லிக்கு உயிர்கொடுத்தது 1959ஆம் வருடத்துக் கிரெட்சில், இந்த ஃபில்டர்ட்ரானில். ஆகவே 'ஐம்பதுகளின் தொனி வேணும்' என்று வருகிற பையன் மனதில் ஓடுவது பல சமயம் எண்பதுகளின் தொனி. கடந்தகாலம் என்று அவன் கேட்பது, கடந்தகாலத்தைப் பற்றி இடையில் ஒருவர் எழுதிய பிரதியைத்தான்.

அப்படி வருகிறவர்களிடம் நான் சொல்வது: பிக்கப்புக்குக் காசு போடுவதற்கு முன்னால் தந்தியை மாற்று. தட்டைச் சுற்றுத் தந்தி, தடித்தது, மூன்றாவது தந்தியும் சுற்றியதாக இருக்கட்டும். பாதித் தொனி அங்கேயே கிடைத்துவிடும். மிச்சத்தில் ஒரு பெரும்பங்கு, சாம் பிலிப்ஸ் சன் ஸ்டுடியோவில் இரண்டு டேப் மெஷின்களை வைத்து உண்டாக்கிய அந்தக் குறுகிய எதிரொலி. இதற்கு மேலும் ஆசை தீரவில்லையென்றால் காயிலுக்கு வருவோம்.

காயில் கட்டுவது நம்மூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தெருவுக்குத் தெரு கட்டுகிறார்கள். இங்கே கம்பிதான் ரொம்ப மெல்லிசு. 42ஆம் எண் கம்பியின் குறுக்களவு 0.063 மில்லிமீட்டர், 44 என்றால் 0.05. ஓங்கி மூச்சுவிட்டால் ஆடும். நான் ஒரு பழைய தையல் மெஷின் மோட்டாரை வைத்துக் கட்டுகிறேன். சுற்றை எண்ணுவதற்குச் சாதாரண கால்குலேட்டர் போதும். சுழலும் தட்டில் ஒரு பொடிக் காந்தம், எதிரே ஒரு ரீட் சுவிட்ச், அதன் இரண்டு முனைகளும் கால்குலேட்டரின் சமக்குறிப் பொத்தானுக்கு. ஒன்றைக் கூட்டச் சொல்லி வைத்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று ஏறும். மற்றதெல்லாம் விரல். கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து பாபினின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அறும். தளர விட்டால் காயில் வீங்கி மூடிக்குள் போகாது. 10,000 சுற்று என்றால் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் கம்பி. நிமிடத்துக்கு 500 சுற்று ஓட்டினாலும் இருபது நிமிடம் கண்ணை எடுக்க முடியாது. மூன்று பாபின் முடிந்தால் கழுத்தும் கண்ணும் போதும் என்கின்றன. இதை நாள் முழுக்க, வருடக்கணக்கில், மணிக்கூலிக்குச் செய்தவர்கள் யார்?

பெரும்பாலும் பெண்கள். மிச்சிகன் மாநிலம் கலமஸூவிலிருந்த கிப்ஸன் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிதார் செய்தவர்களே பெரும்பகுதி பெண்கள்தான். போரின்போது கிதார் உற்பத்தி நின்றுவிட்டதாகவே வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. தொழிற்சாலை வாசலில் பத்துக்கணக்கான பெண்கள் நிற்கும் ஒரு புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆய்வாளர் தேடிப்போன பிறகுதான் அது தவறென்று வெளியே வந்தது. தெற்கு கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் நகரத்தின் ஃபெண்டர் தொழிற்சாலை இன்னொரு கதை. (1957இல் டேல் ஹாக்கின்ஸின் 'சூஸி கியூ'வில் ஜேம்ஸ் பர்ட்டன் வாசித்தது இங்கே செய்த டெலிகாஸ்டரை.) அது ஆரஞ்சுத் தோட்டங்களின் நாடு. அங்கே பழம் பறித்த மெக்சிகோ வழித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் 1936இல் அடித்து ஒடுக்கப்பட்டது. மெக்சிகோ வழிப் பிள்ளைகளை அந்த மாவட்டத்துப் பள்ளிகள் தனியே பிரித்து வைத்திருந்ததை எதிர்த்த மெண்டஸ் வழக்கு 1947இல்தான் மேல்முறையீட்டிலும் வென்றது. அதற்கு ஒன்பது வருடம் கழித்து, 1956இல், அபிகெய்ல் இபாரா என்ற பெண் ஃபெண்டரில் வேலைக்குச் சேர்ந்தார். பிக்கப் சுற்றினார். 2013 வரை சுற்றினார்.

பெண்ணின் விரல் மெல்லியது, பொறுமை அதிகம், அதனால் இந்த வேலை அவளுக்கு என்ற வாதம் அன்றைக்கும் இருந்தது; ஸ்ரீபெரும்புதூர் செல்பேசி ஆலைகள் வரைக்கும் வந்து சேர்ந்தது. விரலின் இயல்பு என்று சொல்லப்படுவது கூலியின் அளவை மறைக்கும் திரை.

இந்தக் கைகளைத்தான் இன்றைய சந்தை வேறொரு பெயரில் விற்கிறது. கையால் நடத்திய கம்பி ஒழுங்காகப் படியாது. அங்கங்கே குறுக்கே ஓடும். இதற்குச் 'சிதறல் சுற்று' என்று பெயர் வைத்து, சுற்றுகளுக்கிடையே மின்தேக்கம் குறைகிறது, அதனால் உச்சக் குரல் திறக்கிறது என்கிறார்கள். கோட்பாட்டளவில் சரி. ஆனால் காயிலின் சொந்த மின்தேக்கம் நூறு பிகோஃபாரட் என்கிற அளவில் நிற்கிற சமாச்சாரம். கிதாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஐந்து மீட்டர் கேபிள் அதைப்போலப் பல மடங்கைச் சுமக்கிறது. கையின் மாயத்தை அளந்து பார்த்தால் பெரும்பகுதி கேபிளில் கரைந்துவிடுகிறது. உண்மையில் தொனியை மாற்றுவது சுற்றுகளின் எண்ணிக்கையும் காந்தமும். சுற்று கூடினால் ஒலி பெருக்கும், தூண்டல் ஏறும், ஒத்ததிர்வு கீழே இறங்கும், பளபளப்பு மங்கும். இதில் இன்னொரு ஏமாற்று: மல்ட்டிமீட்டரில் ஓம் அளவைப் பார்த்து 'சூடான பிக்கப்' என்று விற்பது. 44ஆம் எண் கம்பி குறைந்த சுற்றிலேயே அதிக மின்தடை காட்டும். எண் பெரிசு, அவ்வளவுதான்.

ஐம்பதுகளில் சுற்றுகளின் எண்ணிக்கையே பிக்கப்புக்குப் பிக்கப் மாறியது. கிப்ஸனின் சுற்று மெஷின்களை பாபின் நிரம்பியதைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். எப்போது போதும் என்று முடிவெடுத்தது அந்தப் பெண்ணின் கண். அந்த நேரத்து அசதி, மேற்பார்வையாளரின் அவசரம், கம்பியின் தடிமன், எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இன்று ஒரு குறிப்பிட்ட பிக்கப்பை மட்டும் 'அற்புதம்' என்று தேர்ந்தெடுத்து அதன் சுற்றை எண்ணிப் பிரதி செய்கிறார்கள். வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் இயந்திரப் பிரதியாக்கத்தால் கலைப்பொருளின் ஒளிவட்டம் தேய்வதைப் பற்றி எழுதினார். தொழிற்சாலைச் சரக்கு ஒன்று, செய்து முடித்து அரை நூற்றாண்டு கழித்து ஒளிவட்டம் சூட்டிக்கொள்ளும் இந்த விசித்திரத்தை அவரிடம் கேட்க வேண்டும்.

காந்தத்தையும் விட்டுவிடக் கூடாது. அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவை. ஐந்தாம் வகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கோபால்ட். அந்த ஆண்டுகளில் உலகக் கோபால்ட்டின் பெரும்பங்கு பெல்ஜிய காங்கோவின் கட்டாங்காச் சுரங்கங்களிலிருந்து போனது. அந்தச் செல்வத்துக்காகப் பிரிந்துபோன கட்டாங்காவில்தான் 1961 ஜனவரியில் லுமும்பா கொல்லப்பட்டார். 1978இல் அதே பகுதியில் சண்டை வெடித்துக் கோபால்ட் விலை எகிறியதும் ஒலிபெருக்கிக் கம்பெனிகள் அல்னிகோவைக் கைவிட்டு ஃபெரைட் காந்தத்துக்கு ஓடின. அதற்குப் பிறகு அல்னிகோவுக்கு 'பழங்காலத்து இனிமை' என்று பெயர்.

1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 130 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தியது பொற்காலம், பிந்தியது வீழ்ச்சி என்பது சேகரிப்பாளர்களின் வேதம். காயில் சுற்றியவர்களில் பலர் அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். 1995 முதல் ஃபெண்டர், புதுக் கிதாரைத் தேய்த்து, கீறி, துருவேற்றிப் பழசாக்கி அதிக விலைக்கு விற்கிறது. உழைப்பின் தழும்பு இப்போது ஒரு தனிச் சரக்கு. இதே காலத்தில்தான் அபிகெய்ல் இபாராவின் பெயரும் வெளியே வந்தது. அவர் சுற்றிக் கையொப்பமிட்ட பிக்கப் என்றால் விலை கூடுதல். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த, அவரிடம் தொழில் கற்ற ஹோசெஃபினா காம்போஸின் பெயருக்கும் அப்படியே. இதை அங்கீகாரம் என்பதா, சுரண்டலின் அடுத்த கட்டம் என்பதா? என் வரையில் இரண்டும்தான். பெயர் தெரியாமல் போனதைவிடத் தெரிந்தது மேல். ஆனால் ஒரு பெயர் பொன்னாகும்போது பக்கத்து நாற்காலிகளின் பெயர்கள் இன்னும் ஆழப் புதைகின்றன. 1954ஆம் வருடத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைப் பிரித்தால் உட்குழியில் ஒட்டிய காகித நாடாவில் மேரி, குளோரியா என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். வேலைக் கணக்குக்காக ஒட்டியது. அந்தத் துண்டு நாடா இருந்தால் கிதாருக்கு விலை ஏறுகிறது. மேரி யார் என்று கேட்டு வாங்குகிறவர்களை நான் பார்த்ததில்லை.

அறுந்த பழைய காயிலைத் திரும்பக் கட்டுவது என்றால் பழசை வெட்டி எறியாமல் முடியாது. டிஆர்மண்டின் மெல்லிய கம்பியைப் பிரித்தெடுத்து எண்ணலாம் என்று உட்கார்ந்தால் நூறு இடத்தில் அறும். கடைசியில் பிளேடால்தான் கீற வேண்டியிருக்கிறது. அதனால் கீறுவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்: கம்பியின் தடிமன், எனாமலின் நிறம், சுற்றின் திசை, காந்தத்தின் வடமுனை எந்தப் பக்கம், சுற்று எந்த ஓரத்தில் மேடாக ஏறியிருக்கிறது. சில ஃபெண்டர் பிக்கப்புகளின் அடித்தட்டில் கையால் எழுதிய தேதியும் இரண்டு எழுத்தும் இருக்கும். அதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.