இடையகமும் இரவுப்பணியும்: பெருங்கணினி வரலாற்றில் ஒரு பக்கம்

'பஃபர்' என்னும் சொல்லுக்குக் கணினித் தமிழில் 'இடையகம்' என்பது ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. அதே சொல் வேதியியல் வகுப்பில் 'தாங்கல்' ஆகிறது. அமிலமோ காரமோ சிறிது சேர்ந்தாலும் தன்மை மாறாது தாங்கி நிற்கும் கரைசலைத் தாங்கல் கரைசல் என்கிறோம். ஒரு சொல்லுக்குத் துறைதோறும் வெவ்வேறு பெயரா என வருந்துவோர் உளர். நாம் அவ்வாறு வருந்தவில்லை. பெருங்கணினிகள் கோப்புகளைப் படித்த முறையின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், முதலில் வெறும் இடையகமாகத் தோன்றிய ஒன்று பின்னர்த் தாங்கலாகவும் ஆனமை விளங்கும்.

சம்பளப் பட்டியல், வங்கி வட்டிக் கணக்கு, மின்கட்டணச் சீட்டு முதலிய பணிகளைப் பெருங்கணினி தொகுதிமுறையிலேயே செய்து வந்தது. ஒருவர் கணக்கை வேண்டும்போது தேடி எடுப்பதன்று அது. கோப்பின் முதற்பதிவு தொடங்கி இறுதிப் பதிவுவரை ஒவ்வொன்றாகப் படித்து, கணக்கிட்டு, புதிய கோப்பில் எழுதுவது. பெரும்பாலும் இரவில் தொடங்கும் இப்பணி, காலையில் அலுவலகம் திறக்குமுன் முடிந்தாக வேண்டும். கணக்கிடும் பகுதியோ மின்விசையால் இயங்குவது. நாடாவும் வட்டும் பொறிவிசையால் சுழல்வன. விரைந்தோடும் ஒன்று மெல்ல நடக்கும் ஒன்றுக்காகக் காத்துக் கிடந்தால் இரவு போதாது.

இதற்கான முதல் விடையை 1951ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம் பெற்றுக்கொண்ட யுனிவாக் கணினியிலேயே காண்கிறோம். அதன் நினைவகம் பன்னிரண்டு எழுத்து கொண்ட 1,000 சொற்களே. நாடாவிலிருந்து ஒருமுறை வருவது 60 சொற்கள், அதாவது 720 எழுத்துகள். அந்த 60 சொற்கள் வந்து தங்குவதற்கென்றே நினைவகத்துக்கு வெளியே தனியிடம் ஒன்றை அமைத்தனர். வெளியே செல்வனவற்றுக்கும் அவ்வாறே ஓரிடம். நாடா ஓடி அவ்விடத்தை நிரப்பிக்கொண்டிருக்க, கணினி முன்னர் வந்த 60 சொற்களில் தன் வேலையைத் தொடரலாம். நினைவகத்துக்கும் நாடாவுக்கும் இடையே நின்றதால் இது சொற்பொருள் முழுமையும் பொருந்திய இடையகம்.

இவ்வசதி எல்லாக் கணினிகளிலும் உடனே வந்துவிடவில்லை. ஐபிஎம் 704இல் நாடாவிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் நிரலே உரிய நேரத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1958இல் வழங்கப்பட்ட 709இல்தான் 'சேனல்' என்னும் தனி உறுப்பு அவ்வேலையை ஏற்றது. ஆயினும் உழைப்பு குறைந்துவிடவில்லை, வேறிடத்துக்கு மாறிற்று. எந்த இடையகம் நிரம்பிவிட்டது, எது காலியாயிற்று, எப்போது அடுத்ததைக் கேட்பது என்பதையெல்லாம் நிரலர் ஒவ்வொருவரும் தாமே எழுத நேர்ந்தது. பிழை மலிந்த வேலை அது. 'ஷேர்' என்னும் பயனர் சங்கத்தைச் சார்ந்த ஓவன் மாக், சார்லசு சுவிஃப்ட் இருவரும் 1959இல் வெளியிட்ட கட்டுரை, அச்சுமையைப் பொதுவான நிரல் ஒன்றிடம் ஒப்படைக்கும் முறையை விளக்கிற்று. புதிய இயந்திரங்களைக் கொண்டாடும் நூல்கள் இத்தகைய கட்டுரைகளுக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை.

இனி, இடத்தின் கணக்கைச் சிறிது நின்று பார்ப்போம். மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கே இது. ஓர் அங்குலத்தில் 800 எழுத்துகள் கொள்ளும் நாடாவில் 80 எழுத்துப் பதிவொன்று அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே எடுக்கும். ஆனால் நாடா ஓடி நிற்பதற்கும் மீண்டும் விரைவுகொள்வதற்கும் பதிவுகளுக்கிடையே 0.6 அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். 2,400 அடி நாடாவில் இவ்வாறு எழுதினால் ஏறக்குறைய 41,000 பதிவுகளே அடங்கும். பத்துப் பதிவுகளை ஒரே கட்டாகக் கட்டி எழுதினாலோ 1,80,000 அடங்கும். கட்டு பெரிதாகப் பெரிதாக நாடா மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் கட்டு முழுவதும் வந்து தங்க நினைவகத்தில் அத்துணை இடம் வேண்டும்.

1964 ஏப்பிரல் 7ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 குடும்பத்தின் சிறிய உறுப்பினரான 30ஆம் மாதிரியின் மிகக் குறைந்த நினைவகம் 8 கிலோபைட்டு, அதாவது 8,192 பைட்டுகள். பழைய கோப்பு, மாற்றங்களின் கோப்பு, புதிய கோப்பு ஆகிய மூன்றுக்கும் 800 பைட்டுக் கட்டுகளாக இவ்விரண்டு இடையகங்கள் தந்தால் 4,800 பைட்டுகள் தீர்ந்தன. பாதிக்கு மேற்பட்ட வீட்டை வாயில் திண்ணைக்கே கொடுத்ததுபோல.

இரண்டு எதற்கு எனின், ஒரு கட்டைப் படிக்க 20 மில்லிநொடியும் கணக்கிட 15 மில்லிநொடியும் ஆகும் என்று கொள்வோம். ஒற்றை இடையகத்தில் கட்டொன்றுக்கு 35. இரண்டு இருப்பின் ஒன்றில் கணக்கு நடக்கையில் மற்றொன்று நிரம்பும். கட்டொன்றுக்கு 20 போதும். பத்தாயிரம் கட்டுகளுக்கு 350 நொடி 200 ஆகக் குறைகிறது. மூன்றாவது நான்காவது இடையகங்களின் பயன் வேறு வகைத்து. ஒரு கட்டைக் கணக்கிட 5 மில்லிநொடியும் அடுத்ததற்கு 40உம் ஆகும்போது, முன்கூட்டியே நிரம்பி நிற்கும் சில கட்டுகள் அந்த ஏற்றத்தாழ்வை விழுங்கிக்கொள்கின்றன. 'தாங்கல்' என்ற சொல் இங்கேதான் பொருந்துகிறது.

கோபால் மொழியின் பழைய வடிவத்தில், மாற்றிடம் எத்தனை வேண்டும் என நிரலர் அறிவிக்கும் தொடர் ஒன்று உண்டு. மாற்றிடமே வேண்டா என்றும் அதில் எழுதலாம். நேரத்தைக் கொடுத்து இடத்தை வாங்கும் ஏழ்மை அது. இரு கோப்புகள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் என அறிவிக்கவும் வழி இருந்தது. அவை இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கலாகாது. 360இன் இயக்க முறைமையோ, கியூசாம் என்னும் அணுகுமுறை வழியாக இடையகங்களைத் தானே நிரப்பித் தானே காலிசெய்தது. பதிவைப் பெயர்த்துத் தராமல், இடையகத்துள் அது இருக்கும் முகவரியை மட்டும் தரவும் வல்லது. பெயர்க்கும் நேரம் மிச்சம். ஆனால் அடுத்த பதிவைக் கேட்டபின் முந்தைய முகவரியில் இருப்பது நம் பதிவு என நம்புதல் கூடாது. அதை மறந்து எழுதிய நிரல் பிறழும்.

1970களில் வந்த வீசாம் என்னும் அணுகுமுறையில் கதை விந்தையாகத் திரும்புகிறது. நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவைப் போன்ற சுட்டு ஒன்று கோப்புடன் இணைந்திருக்கும். நிரலர் எதுவும் குறிப்பிடாவிடின், தரவுக்கு இரண்டு, சுட்டுக்கு ஒன்று என இடையகங்கள் ஒதுக்கப்பட்டன. நினைவகம் அரிதாயிருந்த காலத்தில் அது தகுந்த சிக்கனமே. ஆனால் அவ்விரண்டு தரவு இடையகங்களில் ஒன்று, நிரம்பிய தரவுப்பகுதி புதுப்பதிவின் வரவால் இரண்டாகப் பிளக்க நேரிடும் வேளைக்கென ஒதுக்கிவைக்கப்பட்டது. ஆகவே வரிசையாகப் படிக்கும் இரவுப்பணிக்குக் கிடைத்தது ஒன்றே. யுனிவாக் அளித்த ஒருங்கியக்கம்கூட அங்கே இல்லை. இரண்டு என்று ஏட்டில் இருக்கிறது. எனவே யாரும் ஐயுறவில்லை.

இதன் விளைவு பெரிது. 1989இல் வந்த 3390 வட்டின் ஒரு தடத்தில் 4,096 பைட்டுப் பகுதிகள் பன்னிரண்டு அடங்கும். 1,80,000 பகுதிகள் கொண்ட கோப்பை ஒற்றை இடையகத்தில் படித்தால் வட்டை 1,80,000 முறை அழைக்க வேண்டும். தடம் தடமாகப் படித்தால் 15,000 முறை போதும். எனவே இருபத்தைந்து இடையகங்கள் எனக் குறிப்பிடுவர்: பன்னிரண்டு நிரம்ப, பன்னிரண்டு பயன்பட, எஞ்சிய ஒன்று பிளவுக்கு. நிரலில் ஓரெழுத்தையும் தொடவேண்டியதில்லை. பணியைத் தொடங்கிவைக்கும் கட்டளை வரிகளில் ஓர் எண்ணைச் சேர்த்தால் முடிந்தது. வரிசையின்றி ஆங்காங்கே தேடும் பணிக்கு இவ்வெண் பயன்தராது; அதற்குச் சுட்டின் இடையகங்களையே பெருக்க வேண்டும். நினைவகம் மெகாபைட்டுகளைக் கடந்து பெருகிய பின்னரும், அந்த ஓர் எண்ணை எழுதாத பணிகள் ஒற்றை இடையகத்துடனேயே தம் இரவைக் கழித்தன.