புரியாத பாட்டுக்குப் பழகிய காது

எங்கள் விக்கிரமங்கலத்துக்கு ஒரு பக்கம் உடையார்பாளையம், இன்னொரு பக்கம் ஏலாக்குறிச்சி, கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் திருவையாறு. இந்த மூன்று ஊருக்கு நடுவில் பிறந்தவனுக்குப் புரியாத மொழிப் பாட்டு ஓர் அதிசயமே இல்லை. டிரான்சிஸ்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே தெலுங்கும் கேட்டது, லத்தீனும் கேட்டது.

தெலுங்கு வந்த கதை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்கர்களுக்கு அது சொந்த மொழி. கடைசி நாயக்கரான விஜயராகவர் சபையில் க்ஷேத்ரக்ஞர் பதம் பாடியிருக்கிறார். அடுத்து வந்த மராட்டியர்கள் வீட்டில் மராத்தி பேசினார்கள். ஆனால் பாட்டுக்கு மட்டும் தெலுங்கை விடவில்லை. ஷாஹஜி மகாராஜாவே தெலுங்கில் பல்லக்கி சேவா பிரபந்தம் எழுதினார். ராஜாவுக்கு ஒரு பாஷை, குடிகளுக்கு ஒரு பாஷை, பாட்டுக்கு வேறொரு பாஷை. திருவையாற்றுத் தெருவில் தியாகராஜர் உஞ்சவிருத்திக்குப் பாடிக்கொண்டு வந்தபோது அரிசி போட்ட பெண்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரிந்திருக்கும்? அர்த்தம் கேட்டுவிட்டா அரிசி போட்டார்கள்!

எனக்கு இதில் மிகவும் பிடித்தவர் கனம் கிருஷ்ணையர். அரியலூர்ப் பக்கத்துத் திருக்குன்றத்துக்காரர். உ.வே.சாமிநாதையருக்கு உறவினர்; 1936இல் ஐயர் இவருடைய வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். தஞ்சை அரண்மனைக்கு பொப்பிலி கேசவய்யா என்ற ஆந்திரத்து வித்துவான் வந்து கனமார்க்கம் என்ற முறையில் பாடினாராம். அடிவயிற்றிலிருந்து எழும்பும் கனத்த பாட்டு. நம் சபையில் இதைக் கற்றுக்கொள்ள ஆள் உண்டா என்று ராஜா கேட்க, கிருஷ்ணையர் எழுந்தார். கற்றார், ‘கனம்’ பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சிரங்கரிடம் வந்து சேர்ந்தார். இங்கே உட்கார்ந்து அவர் செய்த பதங்கள் தமிழ். வித்தையைத் தெலுங்கரிடம் வாங்கிக்கொண்டு பாட்டைத் தன் ஊர்ப் பேச்சில் கட்டினார். அவருடைய பைரவி ராகப் பதம் ‘வேலவரே’யை வீணை தனம்மாள் குடும்பத்தார் க்ஷேத்ரக்ஞர் பதங்களோடு சேர்த்து வைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்று புரியும், ஒன்று புரியாது; ஆனால் இரண்டும் நகரும் நிதானம் ஒன்றேதான்.

ஏலாக்குறிச்சிக்கு வருவோம். வீரமாமுனிவர் அதைத் திருக்காவலூர் என்றார். இத்தாலியில் பிறந்து, இங்கே தமிழில் கலம்பகமும் தேம்பாவணியும் பாடினவர். அவர் கட்டின கோயிலிலேயே பூசை மட்டும் லத்தீனில் நடந்தது, அவர் 1747இல் இறந்தபிறகும் இருநூறு வருஷத்துக்கு மேல். 1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழ்ப் பூசை வந்தது. என்னோடு படித்த ஏலாக்குறிச்சிப் பையனுடைய பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லத்தீன் கீர்த்தனங்களை எழுத்துப் பிசகாமல் பாடுவார். “அதுக்கு என்னா ஆயா அர்த்தம்?” என்றால், “மண்டி போடணும்னு அர்த்தம்” என்பார். பாட்டு எந்த இடத்தில் வருகிறது, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குப் போதும்.

நாதஸ்வரக்காரர்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. வாசிப்பில் சொல்லே வெளியே வராது. ஆனாலும் சாகித்தியம் தெரியாமல் வாசித்தால் சொல் விழுகிற இடம் தவறிப்போகும் என்பதால் பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்வார்கள். எங்கள் கோயில் மேளக்காரர் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். தெலுங்குக் கீர்த்தனைகள் எல்லாம் தமிழ் எழுத்தில். தமிழில் ஒரே ‘க’ தானே. அதனால் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று பொடி எண் போட்டு உச்சரிப்பைப் பிரித்திருப்பார். கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். பொருள் எழுதும் பழக்கமே அதில் கிடையாது. மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு.

இப்படிப் பழகிய ஊரில்தான் தமிழிசைச் சண்டையும் வந்தது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1941இல் அண்ணாமலை நகரில் மாநாடு கூட்டினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. கல்கியும் ராஜாஜியும் டி.கே.சி.யும் தமிழ்ப் பக்கம். எதிர்த்தவர்கள் சொன்னது, சங்கீதத்துக்குப் பாஷை கிடையாது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாஷை முக்கியமில்லை என்றால் தமிழில் பாடினால் என்ன குறைந்துவிடும்? அதற்கு அவர்களிடம் நேரான பதில் இருந்ததாகத் தெரியவில்லை. 1946இல் திருவையாற்று ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடியது அவ்வளவு பெரிய சர்ச்சையாயிற்றே! தமிழிசைக்காரர்கள் பக்கமும் நான் முழுக்கச் சேரமாட்டேன். பொருள் தெரியாமல் ரசிப்பது பொய் ரசனை என்று அவர்களில் சிலர் பேசினார்கள். எங்கள் ஊரில் கரகரப்பிரியாவுக்குத் தலையாட்டியவர்கள் யாரும் யாருக்காகவும் நடிக்கவில்லை.

1964 ஜனவரி 25. எங்கள் அண்டை ஊரான கீழப்பழுவூரின் சின்னசாமி, இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்து இறந்தார். மொழிக்காகத் தீக்குளித்த முதல் ஆள். அடுத்த ஆண்டு மாநிலமே பற்றி எரிந்தது. எங்கள் வீட்டுச் சுவரிலும் தார் எழுத்தில் ‘இந்தி ஒழிக’ இருந்தது. எழுதியது என் சித்தப்பா. 1969இல் ‘ஆராதனா’ வந்தது. ரயில் ஒரு பக்கம், ஜீப் ஒரு பக்கம் ஓடும் அந்த கிஷோர் குமார் பாட்டின் தட்டை மைக் செட் வைத்திருந்த என் அப்பா திருச்சியிலிருந்து வாங்கி வந்தார். கல்யாண வீட்டுப் புளியமரத்தில் குழாயைக் கட்டி முள்ளை வைத்ததும் முதலில் வந்து நின்றவர் அதே சித்தப்பா. “அண்ணே, அந்த இந்திப் பாட்ட இன்னொருக்கா போடுண்ணே!” அந்தத் தட்டுதான் எங்கள் பெட்டியில் எல்லாவற்றுக்கும் முன்னால் தேய்ந்தது. சுவரிலிருந்த எழுத்தை அவர் அழிக்கவுமில்லை, அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. ‘படி’ என்று கட்டளை போட்டால் கோபம் வரும். ‘கேள்’ என்று எவனும் சொல்லாமல் காற்றில் வருவதற்கு என்ன கோபம்? அந்தப் படத்தைத் தமிழில் ‘சிவகாமியின் செல்வன்’ என்று 1974இல் எடுத்தார்கள். சிவாஜி இருந்தும், எம்.எஸ்.வி. இருந்தும் சித்தப்பா கேட்டது பழைய தட்டைத்தான்.

இதற்குப் பின்னால் ரேடியோவின் கைவரிசையும் உண்டு. 1952இல் மத்திய மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். தேசம் முழுக்க இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பியது. புதன்கிழமை இரவு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா. எங்கள் பக்கத்தில் இலங்கையின் தமிழ் ஒலிபரப்பு தெளிவாகவே கிடைத்தது. ஆனாலும் தமிழைத் தேடிப் போன கை சில சமயம் இந்தியிலேயே நின்றுவிடும்.

பிறகு 1980இல் ‘சங்கராபரணம்’. டப்பிங் இல்லாமல் தெலுங்கிலேயே தமிழ்நாட்டில் ஓடியது. இசையமைத்த கே.வி.மகாதேவன் நாகர்கோவில்காரர். அந்தக் கேசட் வந்தபிறகு எங்கள் மேளக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தன் நோட்டில் இருப்பதையெல்லாம் டீக்கடையில் ஆட்டோக்காரர்கள் முணுமுணுக்கிறார்களே என்று.

அப்பாவின் தொழில் இப்போது என் தம்பி மகன் கையில். தட்டு போய், கேசட் போய், செல்போனைச் சொருகுகிறான். 2017இல் ‘ஜிமிக்கி கம்மல்’ என்ற மலையாளப் பாட்டை எத்தனை காதுகுத்தில் போட்டானோ. அதனால் திருவிழாக் கமிட்டி ஒரு சட்டம் போட்டுவிட்டது: சாமி நிலைக்கு வரும்வரை தமிழ்ப் பாட்டுதான், அப்புறம் உங்கள் இஷ்டம். அவனும் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளாகப் போட்டான். ஊர்வலம் கிளம்பியதும் செட்டை நிறுத்தினான். மேளக்காரரின் மகன் சாமிக்கு முன்னால் நின்று, அப்பாவின் நோட்டில் படித்த தியாகராஜர் கீர்த்தனையை அரை மணி நேரம் விஸ்தாரமாக வாசித்தார். கமிட்டித் தலைவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே நடந்தார்.

“பெரியப்பா, இது தெலுங்குப் பாட்டுதானே? இது எந்தக் கணக்குல வரும்?” என்றான் பையன்.

“என்னைய ஏன்டா கேக்குற? தலைவரையே கேளு” என்றேன்.

போய்க் கேட்டான். தலைவர் தாளத்தை விடாமலே, “டேய், அது பாட்டு இல்லடா, மேளம்” என்றார்.