அபின் தந்த மருந்தும் அதோடு வந்த சத்தியும்



ஒப்பரேசன் முடிந்தவருக்கும் புற்றுநோயால் வருந்துபவருக்கும் நோ தாங்க ஏலாத வேளையில் வைத்தியர்கள் மோர்பீன் வகை மருந்து கொடுக்கிறார்கள். இரண்டு குளிசை உள்ளே போனதும் சிலருக்கு ஓங்காளம், பிறகு சத்தி. உடனே வீட்டில் "இது உடம்புக்கு ஒத்துக்கொள்ளேல்லை, பித்தத்தைக் கிளப்புது" என்று தீர்ப்புச் சொல்லி மருந்தை நிப்பாட்டிவிடுகிறோம். நோயாளி திரும்பவும் நோவில் துடிக்கிறார். இந்தச் சத்தி எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க உலகத்துக்கு ஏறத்தாழ 150 வருசம் பிடித்தது. அந்தக் கதையை அறிந்தால் எமது தீர்ப்பும் மாறும்.

கதை தொடங்குவது நாங்கள் தஞ்சம் புகுந்த இந்த ஜேர்மனியில்தான். கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீற வடியும் பால்தான் அபின். மனிதர் அதை ஆயிரக்கணக்கான வருசமாக நோவுக்குப் பாவித்து வந்தார்கள். ஆனால் ஒரு அபின் மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று வேலையே செய்யாது, மற்றது ஆளைக் கொன்றுவிடும். பாடர்போர்ன் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழகிய பிரெடரிக் சேர்ட்டூர்னர் என்ற இளைஞர் இதற்கு வழி தேடினார். இவர் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர் அல்லர். 1805ஆம் ஆண்டளவில், இருபத்திரண்டு வயதில், அபினிலிருந்து அதன் உயிர்ச்சத்தை வெள்ளைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை உறங்கின, சத்தியும் எடுத்தன. பெரிய படிப்பாளிகள் இவரைக் கவனிக்கவில்லை.

பின்பு அவர் தானும் மூன்று இளைஞர்களுமாக அந்த மருந்தைக் குடித்துப் பார்த்தார். முக்கால் மணித்தியாலத்துக்குள் மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஏறத்தாழ 30 மில்லிகிராம். இன்று முதன்முதல் குடிப்பவருக்கு 5 அல்லது 10 மில்லிகிராம்தான் கொடுப்பார்கள் என்றால் அது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கோ! வயிற்றுநோ, மயக்கம் எல்லாம் வந்து, கடைசியில் வினாகிரி குடித்துச் சத்தி எடுத்துத் தப்பினார்கள். 1817இல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியசின் பெயரே மருந்துக்கு வந்தது.

நோவைத் தீர்க்கும் சரக்கு ஏன் வயிற்றைப் பிரட்ட வேண்டும்? 1869இல் லண்டனில் மத்தீசன், ரைட் என்ற இருவர் மோர்பீனை அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கி அப்போமோர்பீன் என்ற புதிய பொருளைச் செய்தார்கள். இது நோவுக்கு உதவவில்லை, ஆனால் சில நிமிடத்தில் சத்தி எடுக்க வைத்தது. நஞ்சு குடித்தவர்களுக்குச் சத்தி வரப்பண்ண வைத்தியர்கள் இதை நெடுங்காலம் பாவித்தார்கள்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாங், போரிசன் என்ற ஆய்வாளர்கள் இதே அப்போமோர்பீனை வைத்துத்தான் விடை கண்டார்கள். நாய்களின் மூளையின் பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தை நீக்கியபோது அந்த மருந்தால் சத்தி வரவில்லை. எங்கள் மூளையைச் சுற்றி ஒரு காவல் வேலி உண்டு. இரத்தத்தில் வரும் எல்லாவற்றையும் அது உள்ளே விடாது. அந்தச் சின்ன இடத்தில் வேலி இறுக்கமில்லை. படலையில் நிற்கும் காவற்காரன் மாதிரி அது இரத்தத்தைச் சோதித்து, நஞ்சு என்று பட்டதும் "வெளியே தள்ளு" என்று கட்டளை போடும். மோர்பீனையும் அது நஞ்சென்றே எண்ணிவிடுகிறது.

1973இல் மோர்பீன் போய்ப் பொருந்தும் பூட்டுப் போன்ற இடங்கள் மூளையில் இருப்பது நிரூபணமானது. அதே பூட்டுக்கள் குடலிலும் உண்டு. அதனால் இரைப்பை மெதுவாகிச் சாப்பாடு தேங்கும், மலச்சிக்கலும் வரும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கூசத் தொடங்கும். படுத்திருக்கும்போது சும்மா இருந்தவர் எழும்பி நடந்ததும் சத்தி எடுப்பது இதனால்தான்.

இந்த அறிவை நோயாளியின் கட்டிலடிக்குக் கொண்டுவந்தவர் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். 1948இல் லண்டனில், உணவகத்தில் பரிமாறும் வேலை செய்த டேவிட் தாஸ்மா என்ற போலந்து யூத அகதி, சொந்தபந்தம் இல்லாமல் புற்றுநோயால் இறந்தார். சாகிறவர்களுக்கென்று ஒரு நல்ல இல்லம் வேண்டும் என்று இருவரும் கதைத்திருந்தார்கள். அதற்கு ஒரு யன்னலாவது ஆகட்டும் என்று அவர் தன்னிடமிருந்த 500 பவுணை விட்டுச் சென்றார். அம்மையார் பின்பு வைத்தியராகி, 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். அங்கே நோ வரும்வரை காத்திராமல் நேரந்தவறாது மோர்பீன் கொடுத்தார்கள். சத்தி வந்தால் அதற்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். ஒரு அகதியின் சேமிப்பில் தொடங்கிய வழி அது.

ஆகவே சத்தி வந்தால் பெரும்பாலும் அது ஒவ்வாமை அல்ல. ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு வரும். பலருக்கு ஒரு கிழமை, பத்து நாளில் காவற்காரன் பழகி அடங்கிவிடுவான். மலச்சிக்கல் மட்டும் பழகாது, அதற்குத் தொடக்கத்திலிருந்தே மருந்து கேட்க வேண்டும். சத்தியை அடக்க நல்ல குளிசைகள் உண்டு. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம். நாங்களாக நிப்பாட்டவும் கூடாது, கூட்டவும் கூடாது, மற்றவரின் குளிசையை வாங்கிப் போடவும் கூடாது. பழக்கமாகி அடிமைப்படுத்தும் குணமும் இந்த மருந்துக்கு உண்டு. ஆள் தட்டியும் எழும்பாமல் மூச்சு மெதுவானால் தாமதியாமல் 112க்கு அடியுங்கோ.

பாசை தெரியாது என்று எங்கள் முதியவர்கள் வைத்தியருக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். பிள்ளைகளே, கூடப் போங்கோ. எப்போது சத்தி வந்தது, எத்தனை தரம், எழும்பும்போதா, சாப்பிட்ட பிறகா என்று எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கோ. வைத்தியருக்கு அது போதும், எந்த வழியால் வருகிறது என்று பிடித்துவிடுவார்.