அவசர மருத்துவத்தில் படுக்கையருகு ஸ்கேன் பயிற்சி: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி

படுக்கையருகு ஸ்கேன் என்பது, நோயாளியைக் கதிரியக்கப் பிரிவுக்கு அனுப்பாமல், அவரைப் பார்க்கும் மருத்துவரே கட்டிலருகில் அல்ட்ராசவுண்ட் கருவியால் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடும் முறை. வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருக்கிறதா? இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? நுரையீரல் சுருங்கிவிட்டதா? இம்மூன்றுக்கும் சில நிமிடங்களில் விடை சொல்லப் பழக்குவதே அவசர மருத்துவ முதுநிலை மாணவருக்கான பயிற்சியின் முதல் கட்டம்.

விபத்துக் காயங்களுக்கு அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்துவது 1970களிலேயே ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது. 'ஃபாஸ்ட்' என்ற பெயரில் அது உறுதியான நெறிமுறையானது 1990களில், அமெரிக்காவில். நுரையீரலையும் சேர்த்துப் பார்க்கும் 'இ-ஃபாஸ்ட்' 2004இல் கனடாவிலிருந்து வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றது 2009இல்தான். அதனால் இங்கே துறையும் கருவியும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன. டெல்லி எய்ம்ஸின் விபத்துச் சிகிச்சை மையம் இதற்கெனத் தனிப் பயிற்சி வகுப்பையே உருவாக்கியது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி இப்பயிற்சிக்கு இயல்பாகவே களமாகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இவற்றைத் தொடர்ந்து வந்த ஆலைகளும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் லாரிப் போக்குவரத்தும் சேர்ந்து ஒரே வகைக் காயங்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகின்றன. உயரத்திலிருந்து விழுந்தவர், ஃபோர்க்லிஃப்டுக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கியவர், இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்புகையில் மோதியவர். வெளியே பெரிய காயம் தெரியாமல் உள்ளே இரத்தம் கசிவது இத்தகையவர்களுக்குத்தான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளிக்குத் தமிழ் தெரியாது, மாணவருக்கு இந்தி வராது என்றால் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்டறியும் வழியும் அடைபடுகிறது. அங்கே ஸ்கேனின் மதிப்பு இன்னும் கூடுகிறது. நெடுஞ்சாலையை ஒட்டித் தண்டலத்தில் 2008இல் தொடங்கிய சவீதா மருத்துவக் கல்லூரியும், சென்னை முனையில் போரூரின் ஸ்ரீராமச்சந்திராவும் அவசர மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பு நடத்துகின்றன.

பயிற்சி பெரும்பாலும் மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கருவியின் உணர்முனையான புரோபை வைத்துப் பார்ப்பதில் தொடங்கும். ஆழத்துக்கு வளைமுக புரோப், மேலோட்டமான இரத்தநாளத்துக்கும் நுரையீரல் உறைக்கும் நேர்கோட்டு புரோப். வலப்பக்கம் எளிது. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள மோரிசன் பையில் கருங்கோடு தெரிந்தால் நீர். ஆனால் புதியவர்கள் கல்லீரலின் கீழ்நுனியைப் பார்க்காமலே புரோபை எடுத்துவிடுகிறார்கள். முதலில் நீர் சேருவது பல நேரம் அங்கேதான். மண்ணீரல் முதுகுப்புறமாக ஒதுங்கியிருப்பதால் இடப்பக்கம் கடினம். கையின் விரல்முட்டி மெத்தையில் படும் அளவுக்குப் பின்னால் போக வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் இதுவே. நுரையீரலில் அசைவு இருந்தால், அசைவைக் கோடுகளாகக் காட்டும் எம்-மோடில் கடற்கரை மணல்போன்ற கோலம் விழும். இல்லாவிட்டால் பார்கோடுபோல நேர்க்கோடுகள்.

சக மாணவரின் வயிற்றில் நீர் இருக்காது என்பதால், நீரைப் பார்த்துப் பழக வேறு வழி வேண்டும். ஈரல் சுருங்கி மகோதரம் கண்ட நோயாளிகளை, அவர்கள் சம்மதத்துடன், பொது மருத்துவ வார்டில் ஸ்கேன் செய்வது மிகச் சிறந்த வழி. பொம்மை மாதிரிகளைவிட இதையே நம்பலாம். இரத்தநாளத்தில் ஊசி செலுத்தப் பழக, கோழி நெஞ்சுக்கறிக்குள் நீர் நிரப்பிய குழாயைச் செருகிய மாதிரியே போதும்.

எத்தனை ஸ்கேன் செய்தால் தேர்ச்சி? அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல் ஒவ்வொரு வகைக்கும் 25 முதல் 50 வரை என்கிறது. ஆனால் எண்ணிக்கையைவிடச் சேமித்த வீடியோத் துணுக்குகளை ஆசிரியர் பிறகு உட்கார்ந்து பார்த்துத் திருத்துவதே முக்கியம். நெரிசலான பிரிவுகளில் முதலில் விட்டுப்போவதும் அதுதான். திருத்துவார் இல்லாத ஐம்பது ஸ்கேன் ஒரே தவறை ஐம்பது முறை பழக்கும்.

இதில் கடைசியாகக் கைவருவது 'இல்லை' என்று சொல்லும் நிதானம். வயிற்றில் சுமார் 200 மில்லியாவது சேராமல் நீர் நம்பகமாகத் தெரியாது. இடுப்பெலும்பு முறிந்து வயிற்றுறைக்குப் பின்னால் கசியும் இரத்தமும் ஃபாஸ்டுக்குப் பிடிபடாது. இயந்திரத்தில் நசுங்கி வந்தவருக்கு முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், இரத்த அழுத்தம் இறங்கினால் மறுபடி பார்க்க வேண்டும். நிலை சீராக இருந்தால் சி.டி. எடுக்க வேண்டும். சுத்தமான படத்தைப் பார்த்து நிம்மதியடைந்துவிடும் மாணவர், ஸ்கேனே செய்யாதவரைவிட ஆபத்தானவர்.

இந்தியாவில் இப்பயிற்சிக்குச் சட்டத்தின் நிழலும் உண்டு. பாலினத் தேர்வைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்டு 2003இல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி, ஸ்கேன் கருவியும் அது இருக்கும் இடமும் பதிவு பெற வேண்டும். கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'எஃப்' படிவம் நிரப்ப வேண்டும். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் அது, தேவையும் இருந்தது. ஆனால் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் இப்பகுதியில், அடிவயிற்று வலியோடு மயங்கி வருபவருக்குக் கருக்குழாய்க் கர்ப்பம் வெடித்திருக்கலாம் என்று முதலில் ஐயப்பட வேண்டியவர் அவசர மருத்துவரே. இடுப்புக்குழியில் இரத்தம் தேடுவதோடு, யார் எந்த ஸ்கேனைச் செய்யலாம், என்ன பதிவு வைக்க வேண்டும் என்பதையும் மாணவர் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

இதே இருங்காட்டுக்கோட்டையில் டிரைவிட்ரான் நிறுவனம் ஜப்பானின் அலோகாவுடன் இணைந்து அல்ட்ராசவுண்ட் கருவிகளைத் தயாரித்திருக்கிறது. ஒரகடத்தில் மருத்துவக் கருவிகள் பூங்காவுக்கும் திட்டமிடப்பட்டது. ஆயினும் சட்டைப்பையில் அடங்கும் கருவி விபத்து நடந்த இடத்துக்குப் போவதில்லை. எளிதில் தூக்கிச் செல்லும் கருவிகளைப் பதிவு பெற்ற வளாகத்துக்கு வெளியே கொண்டுபோவதை 2012இன் விதித் திருத்தம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்றது 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம். அதில் ஸ்கேன் கருவி பற்றிய பேச்சு இருக்கவில்லை. எனவே அடிபட்டவர் மேல் முதல் புரோப் வைக்கப்படுவது 108 வண்டி மருத்துவமனை வாசலில் நின்ற பிறகே.