புள்ளிக்கோலத்துக்கு எழுதிய இலக்கணம்

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பாஷைகளின் சரித்திரத்தை உரைப்பவர்கள், 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் உருவாக்கிய ஃபோர்ட்ரானையும், 1960-இல் வெளிவந்த அல்கால் அறிக்கையையும் தவறாமல் சொல்லுவார்கள். ஆனால் அந்தச் சரித்திரத்தின் கிளையொன்று தாம்பரத்துக்கு வந்து, வாசல்தோறும் அரிசி மாவினால் இழைக்கப்படும் கோலத்தின்மேல் படர்ந்த கதையை நம்மவர்களே அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

பீட்டர் நார் பதிப்பித்த அந்த அல்கால் அறிக்கையின் விசேஷம், பேக்கஸ் காட்டிய முறைப்படி பாஷையின் அமைப்பைச் சூத்திரங்களாகவே வகுத்துக் கொடுத்ததில் இருக்கிறது. எண் என்பது ஓர் இலக்கம், அல்லது ஏற்கெனவே உள்ள எண்ணின் பின் சேர்ந்த ஓர் இலக்கம் என்ற ஒற்றைச் சூத்திரத்தில் உலகத்து முழு எண்கள் யாவும் அடங்கிவிடுகின்றன. மனித பாஷைகளை முன்னிட்டு நோம் சாம்ஸ்கி 1956-இல் வகைப்படுத்திய இலக்கணங்களுக்கும் இச்சூத்திரங்களுக்கும் உள்ள நெருங்கிய உறவு விரைவிலேயே புலப்பட, கணித சாஸ்திரத்தில் புதியதொரு துறை கிளைத்தது.

அத்துறையை நம் நாட்டில் ஆரம்பத்திலேயே கைக்கொண்டவர்களில் ஒருவர், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியை ராணி சிரோமணி. அவருடைய கணவர் கிஃப்ட் சிரோமணி அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். சிந்துவெளி எழுத்தையும் திருக்குறளின் சொற்களையும் ஒருங்கே ஆராய்ந்த விசாலமான மனம் அவருடையது. பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியையான கமலா கிருத்திவாசன் இவ்விருவருடன் சேர்ந்துகொண்டார்.

இவர்கள் எதிர்கொண்ட சங்கடம் இதுதான்: பேக்கஸும் சாம்ஸ்கியும் வகுத்த இலக்கணம் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சரமாகக் கோக்கும், படமோ நீளமும் அகலமும் உடையது. 1972-இல் இவர்கள் கண்ட யுக்தியின்படி, முதற்கட்டத்தில் சூத்திரங்கள் கிடைவரிசை ஒன்றை உண்டாக்கும். அதன் பிறகு அவ்வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் ஏககாலத்தில் கீழ்நோக்கி வளர்ந்து, எல்லாப் பத்திகளும் சமமான உயரத்தில் வந்து நிற்கும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெளியான கட்டுரை கோலத்தையே தலைப்பில் ஏந்தி வந்தது.

கோலத்தை இதற்குத் தேர்ந்தது வெறும் தேசாபிமானமன்று. கோலப் புத்தகங்களில் "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று ஒரு வரி காணப்படும். அதைப் படிக்கிற பெண், நடுவில் பதினைந்து வைத்து, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, முன்வரிசையின் இடைவெளிகளுக்கு நேரே புள்ளியிட்டு, எட்டில் நிறுத்துவாள். மொத்தம் 169 புள்ளிகள். ஆனால் அவள் எண்ணுவதில்லை, விதியை நடத்துகிறாள். கண்ணனின் கொலுசு என்று பேர் பெற்ற கம்பிக்கோலமும் சிறிதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் ஒரே வளர்ச்சி முறையில் பிறப்பதாகையால், அதற்கு இலக்கணம் எழுதுவது சாத்தியமாயிற்று.

இதைக் கேட்டவுடன், நம் பாட்டிமார் அப்போதே கம்ப்யூட்டர் சாஸ்திரம் அறிந்திருந்தார்கள் என்று பெருமிதம் கொள்ளப் பலர் துடிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எங்கள் ஊரான மஞ்சக்குட்டையில் மார்கழி மூடுபனிக்கு மாவு ஈரத்தில் கரைவதற்குள் கோலத்தை முடித்துவிடும் பெண்ணுக்குத் தெரிந்தது செய்முறை. அந்தச் செய்முறை எவ்வகை இலக்கணத்துக்குக் கட்டுப்படும், எவ்வகைக்குக் கட்டுப்படாது என்று நிறுவியது கணிதம். இரண்டையும் ஒன்றெனக் குழப்பினால் இரு தரப்பாருக்கும் உரிய மரியாதை கிடைக்காமற் போகும்.

கிஃப்ட் சிரோமணி 1988-இல் காலமானார். மறு ஆண்டு அவர் நினைவாக வந்த தொகுப்பு நூலுக்குப் பதிப்பாசிரியராக அமைந்தவர் ஆர். நரசிம்மன். சென்னையிற் பிறந்து, பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் டிஃப்ராக் என்னும் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கி, 1960-களின் தொடக்கத்தில் அணுத்துகள்களின் தடம் பதிந்த புகைப்படங்களை இலக்கண வழியில் பகுக்கலாம் என்று எடுத்துரைத்த முன்னோடி அவர். அந்நூலில் கமலா கிருத்திவாசனும் பிரெஸ்மிஸ்லாவ் புருசின்கீவிச்சும் மற்றொருவரும் கூடி எழுதிய கட்டுரை ஒன்றுண்டு. செடிகொடிகளின் வளர்ச்சியை விவரிப்பதற்காக அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-இல் வகுத்த சூத்திரங்களைக் கொண்டே, அவர்கள் அதில் கோலத்தையும் கர்நாடக சங்கீதத்தையும் பிறப்பிக்க முனைந்திருக்கிறார்கள்.